ஒளி உள்ளே, கதவு வெளியே!

- முன்னாள் மாணவர், இயந்திரவியல் துறை (1994–97)



பேரவை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி போனில் கேட்டபோது, "எதைப் பத்திப்பா எழுதறது?" என்றேன். "உங்க வேலையப் பத்தியே எழுதுங்கண்ணே. டிப்ளமோ முடிச்சுட்டு ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கறவங்க நம்ம காலேஜ்ல ரொம்பக் கொஞ்சம்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "டிப்ளமோவுக்கு அங்க மதிப்பு இருக்கான்னும் எழுதுங்க. ஃபைனல் இயர் பசங்க எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க" என்றார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலாவதைச் சொல்லியாக வேண்டும். ஆகவே என் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். சில இடங்களில் கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் இயற்பியல் வரும். பயப்பட வேண்டாம். முதலாம் ஆண்டில் நாம் படித்ததற்கு மேல் அதிகம் இல்லை.

நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். சொந்தக்காரர்கள் யாராவது "என்னப்பா வேலை?" என்று கேட்டால், "வைரத்தைச் சுட்டு, ஆசிட்டில் குளிப்பாட்டி, கழுவி எடுக்கிறேன்" என்பேன். "அடேயப்பா, அப்ப நீ கோடீஸ்வரன்தான்!" என்பார்கள். நான் சுடுவது மோதிரத்துக்கு ஆகாத வைரம். பொடி. பார்த்தால் சாம்பல் மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் குப்பையில் தட்டி விடுவார்கள். இந்தப் பொடிக்குப் பெயர் நானோ வைரம். சரியாகச் சுட்டுக் கழுவினால் இது சிவப்பாக ஒளி உமிழும். சரியாகச் செய்யாவிட்டால் உமிழாது. அந்தச் 'சரியாக' என்ற ஒரு சொல்லுக்குள்தான் என் பிழைப்பு இருக்கிறது.

மாமியின் தோடு

வைரத்தின் மேற்பரப்பு என்றால் என்ன என்பதை நான் முதலில் கற்றது ஆராய்ச்சிக்கூடத்தில் அல்ல. திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம்.

மாமிக்கு ஒரு ஜோடி வைரத்தோடு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, "தோட்டுல எண்ணெய் எறங்கிடுத்துடா, மங்கிப் போயிடுத்து" என்பார். பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, அதில் தோட்டைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பின்பக்கமாகத் தேய்ப்பார். தோடு மறுபடி பளிச்சென்று ஆகிவிடும். கல் அதே கல்தான். உள்ளே எதுவும் மாறவில்லை. வெளியில் ஒட்டியிருந்த எண்ணெய் போயிற்று, அவ்வளவே.

இதன் காரணத்தைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். வைரத்துக்குள் புகுந்த ஒளி பின்பக்கப் பட்டைகளில் முழுமையாகப் பிரதிபலித்து நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. பின்னால் காற்று இருக்கும்வரை சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழும் ஒளி எல்லாம் திரும்பிவிடும். எண்ணெய் படிந்தால் இந்தக் கோணம் 37 டிகிரி வரை போய்விடுகிறது. திரும்பி வர வேண்டிய ஒளி பின்பக்கமாக ஒழுகிவிடுகிறது. மாமி பின்பக்கத்தைத் தேய்த்ததன் ரகசியம் இதுதான்!

சரி, வைரத்தில் எண்ணெய் ஏன் அப்படி ஒட்டுகிறது? வைரத்துக்குத் தண்ணீரைவிட எண்ணெயைத்தான் பிடிக்கும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கிரீஸ் பூசிய சாய்வு மேசையில் சரளைக் கல்லையும் தண்ணீரையும் ஓடவிட்டால், மற்றக் கற்கள் தண்ணீரோடு போய்விடும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதே வைரத்தின் மேல்தோலில் ஆக்ஸிஜன் அணுக்களை ஏற்றிவிட்டால் அது தண்ணீரோடு உறவாட ஆரம்பித்துவிடும். ஹைட்ரஜனை ஏற்றினால் மறுபடி தண்ணீரை ஒதுக்கும். கல்லின் குணத்தை அதன் கடைசி ஓர் அடுக்கு அணுக்கள் தீர்மானிக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இதுதான் விஷயம்.

பொடியாகிப் போனால்...

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நான் கையாளும் துகள்கள் பெரும்பாலும் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய எண்ணூறில் ஒரு பங்கு. இன்னும் சிறியவையும் உண்டு.

இவை இரண்டு வழிகளில் கிடைக்கின்றன. ஒன்று, பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் செய்த செயற்கை வைரத்தை அரைப்பது. இந்த முறையில் 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வைரம் செய்து காட்டினார்கள். மற்றது, மூடிய அறைக்குள் டி.என்.டி. போன்ற வெடிமருந்தை வெடிக்கச் செய்து அதன் கரிப்புகையிலிருந்து பிரித்தெடுப்பது. 1963-இல் சோவியத் யூனியனில் இதைக் கண்டறிந்தார்கள். எண்பதுகளின் இறுதிவரை வெளியுலகுக்கு அதிகம் தெரியாமலேயே இருந்தது. இதில் கிடைக்கும் துகள் வெறும் 4, 5 நானோமீட்டர்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 100 நானோமீட்டர் துகளில் சுமார் 9 கோடி கார்பன் அணுக்கள் இருக்கும். அதில் மேற்பரப்பில் இருப்பவை நூற்றுக்கு ஒன்று. 5 நானோமீட்டர் துகளில் மொத்தமே பதினோராயிரம் சொச்சம் அணுக்கள். அதில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை மேற்பரப்பில் நிற்கும். மாமியின் தோட்டில் மேல்தோல் என்பது கணக்கிலேயே வராத பங்கு. எங்கள் பொடியிலோ, துகள் சிறுக்கச் சிறுக்க மேல்தோலே பாதி ராஜ்யத்தைப் பிடித்துக்கொள்கிறது.

உள்ளே எரியும் விளக்கு

தோடு பளிச்சிடுவது வெளியிலிருந்து வந்த ஒளி திரும்பிப் போவதால். நான் சொல்ல வந்த ஒளி அது அல்ல. இது துகளுக்கு உள்ளேயே பிறக்கும் ஒளி.

வைரத்தில் கார்பன் அணுக்கள் கல்யாணப் பந்தி மாதிரி ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. ஓர் இலையில் மட்டும் வேற்றூர்க்காரர் ஒருவர், அதாவது நைட்ரஜன் அணு, உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அடுத்த இலை காலி. இந்த நைட்ரஜனும் காலி இலையும் சேர்ந்த ஜோடிக்கு என்.வி. மையம் என்று பெயர். பச்சை லேசர் ஒளியை இதன் மேல் பாய்ச்சினால் சிவப்பு ஒளியை உமிழ்கிறது. மற்றச் சாயங்கள் கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். இது மணிக்கணக்கில் பார்த்தாலும் வெளுப்பதில்லை.

நான் டிப்ளமோ முடித்த அதே 1997-ஆம் ஆண்டில்தான், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் இப்படிப்பட்ட ஒற்றை மையத்தின் ஒளியைத் தனியாகப் பிடித்துப் பார்த்தார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. நான் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன்!

இந்த மையங்களைச் செய்யவும் முடியும். நைட்ரஜன் கலந்த வைரப் பொடியின் மேல் எலெக்ட்ரான் அல்லது புரோட்டான் கற்றையைப் பாய்ச்சினால் பல இலைகள் காலியாகும். பிறகு வெற்றிடத்தில் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் காலி இடங்கள் நகர்ந்து நகர்ந்து நைட்ரஜனுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். 2005-இல் தைவான் ஆய்வாளர்கள் இப்படிச் செய்த 100 நானோமீட்டர் துகள்களை உயிருள்ள செல்லுக்குள் அனுப்பி, அவை வெளுக்காமல் ஒளிர்வதையும், செல்லுக்குப் பெரிய தீங்கு செய்யாததையும் காட்டினார்கள். 2020-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் எச்.ஐ.வி. கிருமியின் ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும் காகிதப் பட்டைச் சோதனையில் இந்தத் துகள்களை வைத்தார்கள். வழக்கமான தங்கத் துகளைவிட ஒரு லட்சம் மடங்கு வரை நுட்பமாகக் கண்டறிய முடியும் என்று காட்டினார்கள். கர்ப்பப் பரிசோதனைக்குக் கடையில் வாங்கும் பட்டை மாதிரிதான் அதுவும். ஒரு துளியில் நோயைக் கண்டுபிடிக்கும் நாள் வந்தால், அதற்குள் எங்கள் சாம்பல் பொடியும் இருக்கும்.

கதவு எங்கே அடைபடுகிறது?

கற்றை பாய்ச்சியாயிற்று, 800 டிகிரியில் வைத்தாயிற்று, விளக்கு உள்ளே தயார். ஆனாலும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மங்கலாக இருக்கும். ஏன்?

முதல் காரணம் கரிப்போர்வை. 800 டிகிரிச் சூட்டில் துகளின் மேல்தோல் கொஞ்சம் கிராஃபைட்டாக மாறிவிடுகிறது. பென்சில் முனையில் இருக்கும் அதே சரக்கு. அது உள்ளே போகும் பச்சையையும் விழுங்கும், வெளியே வரும் சிவப்பையும் விழுங்கும். பக்கத்தில் இருக்கும் மையத்தின் சக்தியை ஒளியாகும் முன்பே உறிஞ்சியும்விடும். போதாக்குறைக்குத் தானும் ஒரு கலங்கலான ஒளியை உமிழ்ந்து அளவீட்டைக் கெடுக்கும்.

இதைப் போக்கும் வழி காற்றில் சுடுவது. கிராஃபைட் வைரத்தைவிடக் குறைந்த சூட்டில் எரிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் உலையை நிறுத்த வேண்டும். 2006-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தார், வெடிமருந்து முறையில் கிடைத்த நானோ வைரத்துக்கு 400 முதல் 430 டிகிரி வரைதான் ஏற்ற வெப்பநிலை என்று அளந்து சொன்னார்கள். பாருங்கள், முப்பதே டிகிரி! பெரிய துகளுக்கு இன்னும் சற்றுச் சூடு வேண்டும். குறைந்தால் கரி போகாது. கூடினால் வைரமே எரிந்து கார்பன் டை ஆக்ஸைடாகிப் பறந்துவிடும். வைரம் எரியும் என்பது புதுச் செய்தி அல்ல. பிரான்சில் லவாய்சியர் 1772-லேயே எரித்துப் பார்த்திருக்கிறார்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. அந்த மையம் நல்ல சிவப்பாக ஒளிர அதனிடம் ஓர் எலெக்ட்ரான் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது அதன் அடையாளக் கோடு 637 நானோமீட்டரில் தெரியும். அந்த எலெக்ட்ரான் போய்விட்டால் கோடு 575-க்கு மாறிவிடும். காந்தப்புலத்தையும் வெப்பத்தையும் அளக்கப் பயன்படும் குணமும் அதோடு போய்விடும். இந்த எலெக்ட்ரானைத் திருடுவது யார் தெரியுமா? மேல்தோல்தான்! மேற்பரப்பில் ஹைட்ரஜன் இருந்தால், காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அது வைரத்திலிருந்து எலெக்ட்ரானை வெளியே இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் இருக்கும் மையங்கள் முதலில் பறிகொடுக்கும். ஆக்ஸிஜன் ஏறிய மேற்பரப்பு அப்படி இழுப்பதில்லை. 2010-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், காற்றில் ஆக்ஸிஜன் ஏற்றிய பிறகு நானோ வைரத்தில் எலெக்ட்ரான் இழந்த மையங்கள் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டினார்கள். 2011-இல் மியூனிக் ஆய்வாளர்கள் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் மாற்றி மாற்றி ஏற்றி, மேற்பரப்பை வைத்தே உள்ளே இருக்கும் மையத்தை ஆட்டிவைக்கலாம் என்று நிரூபித்தார்கள்.

துகள் 5 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் சில மையங்கள் கெட்டுப்போன ட்யூப்லைட் மாதிரி விட்டு விட்டு எரியும். ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தார் 2010-இல் இதைப் பார்த்துச் சொன்னதோடு, துகளின் மேற்பரப்பை மாற்றினால் இந்தச் சிமிட்டலும் மாறுகிறது என்றும் காட்டினார்கள்.

மூன்றாவது ஒரு வேடிக்கையும் உண்டு. மேற்பரப்பில் நீளமான ஓர் அமீன் சங்கிலியைக் கோத்துவிட்டால் துகள் நீல நிறத்தில் ஒளிர்கிறது என்று 2009-இல் அதே டிரெக்ஸல் கூடத்திலிருந்து செய்தி வந்தது. இங்கே உள்ளே இருக்கும் மையம் தேவைப்படவில்லை. மேற்பரப்பில் கோத்ததே ஒளிக்குக் காரணம்.

காற்றில் சுட்ட பிறகு ஆசிட் குளியல். கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கலவையில் மிச்சக் கரியும் உலோகத் தூசியும் கரையும். மேல்தோலில் கார்பாக்ஸில் தொகுதிகள் முளைக்கும். அவற்றில்தான் பிற்பாடு மருந்தையோ நோய் எதிர்ப்புப் புரதத்தையோ கோத்துவிடுவார்கள். இந்த வேலையைப் புகைபோக்கி அறைக்குள், முகமூடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று யாரும் வெறும் கையோடு போகக்கூடாது. பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிச் சுற்றித் தண்ணீரில் அலச வேண்டும். லிட்மஸ் சிவக்காமல் இருக்கும்வரை அலச வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சுடுவதும் அலசுவதும் ஒரு என்.வி. மையத்தைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதற்குக் கதவைத் திறந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

கடைசி நானூறு மில்லிகிராம்

2016-இல் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கூடத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி. ஐந்தாம் ஆண்டு. உதவித்தொகை முடிய நான்கு மாதம்தான் இருந்தது. அவருடைய பொடியை வெளியூரில் எலெக்ட்ரான் கற்றையில் வைத்து வாங்கவே ஏழு மாதம் ஆகியிருந்தது. அதில் பெரும் பகுதியை வேறோர் இடத்தில் கொடுத்துக் காற்றில் சுட்டு வாங்கி வந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் கலங்கலான பின்னொளி, 575 பக்கம் ஒரு மேடு. 637 தலை தூக்கவே இல்லை. கூட்டத்தில் பேசி, கற்றை பாய்ச்சியதே சரியில்லை, மறுபடி அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. மறுபடி என்றால் இன்னொரு ஏழு மாதம். அந்தப் பெண்ணால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இவர் பணத்தில்தான் மருந்துச் செலவு ஓடுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் அவர் என் மேசைக்கு வந்தார். "அண்ணா, சுடாத பொடி இன்னும் நானூறு மில்லிகிராம் இருக்கு. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

நான் உடனே உலைப் பக்கம் போகவில்லை. "முதல்ல சுட்டு வந்த பாட்டிலக் குடும்மா" என்றேன். ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டிப் பரப்பினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு நிறம். பாதி விபூதி மாதிரி வெளுத்திருந்தது. பாதி கரியடுப்பு அடிச்சாம்பல் மாதிரி கறுத்திருந்தது. "எதுல வச்சுச் சுட்டாங்க?" என்று கேட்டேன். விசாரித்துச் சொன்னார். கட்டைவிரல் ஆழமுள்ள குரூசிபிளில் அப்படியே குவித்து வைத்திருக்கிறார்கள்.

நம் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் ஃபோர்மேன் சார் ஒருவர் இருந்தார். உலை மீட்டரைப் பார்த்து நாங்கள் நோட்டில் எழுதும்போதெல்லாம், "மீட்டர் அது சூட்டைச் சொல்லுதுடா. ஜாப் என்ன சொல்லுதுன்னு பார்த்தியா?" என்பார். பெட்டிக்குள் அடுக்கிய துண்டுகளில் நடுவில் இருப்பதற்கு வெப்பம் தாமதமாகத்தான் போகும் என்பதை அறுத்துக் காட்டியே புரியவைத்தவர் அவர். வைரப் பொடியானாலும் சட்டம் அதேதான். குவியலின் மேல்பக்கத்துக்குக் காற்று கிடைத்தது. அடிப்பக்கத்துக்குக் கிடைக்கவில்லை. கரி அப்படியே இருக்கிறது. கற்றையின் மேல் பழி போட இதில் ஆதாரமே இல்லை.

"மேடம், கத்தைய விட்டுடுங்க. காத்து போகல" என்றேன். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்த மூன்று நாள் இப்படி வேலை செய்தோம். முதலில், கற்றை படாத சாதாரணப் பொடி எங்களிடம் நிறைய இருந்தது, அதை எடுத்துக்கொண்டோம். அகலமான அலுமினா படகில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காமல் பரப்பினேன். படகை ஒட்டித் தனியாக ஒரு தெர்மோகப்பிள் வைத்தேன். உலையின் மீட்டர் காட்டியதற்கும் படகுக்குப் பக்கத்தில் இருந்ததற்கும் 15 டிகிரி வித்தியாசம்! அதற்கேற்ப மீட்டரைத் திருத்தி வைத்தோம். சுடுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டோம். நிறம் அடிவரை ஒரே மாதிரி வெளுத்து, எடையும் அதிகம் குறையாத ஒரு நிலை இரண்டாம் நாள் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் அந்த நானூறு மில்லிகிராமைத் தொட்டோம். அப்போதும் முழுவதையும் வைக்கவில்லை. நூறு நூறாக நான்கு பொட்டலம். "ஒண்ணு போனாலும் மூணு இருக்கும்மா" என்றேன். முதல் பொட்டலத்தைச் சுட்டு, ஆசிட்டில் போட்டு, அலசி, உலர்த்திக் கொடுக்க மேலும் மூன்று நாள் ஆனது.

நுண்ணோக்கி அறை இருட்டாக இருக்கும். நான் உள்ளே போவதில்லை, வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்துக் கதவு திறந்தது. "அண்ணா, இங்க வாங்க!" உள்ளே போனேன். திரையில் கறுப்புப் பின்னணியில் சிவப்புப் புள்ளிகள். பக்கத்துத் திரையில் 637-இல் ஒரு கூரான முனை. 575 மேடு அமுங்கிப் போயிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பேனாவை எடுத்துத் தேதி எழுதினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மிச்ச மூன்று பொட்டலங்களும் அதே மாதிரி வந்தன. உதவித்தொகை முடிவதற்குள் அவருக்குத் தேவையான அளவீடுகள் எல்லாம் கிடைத்தன. பட்டம் வாங்கினார். இப்போது வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். தீபாவளிக்குத் தவறாமல் போன் செய்வார்.

தாளும் வேலையும்

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் ஆசிரியர் பெயர்களில் என் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் வரியில் இருக்கிறது. அதே வருடம் பதவி உயர்வுப் பேச்சு வந்தபோது, "டிப்ளமோதானே?" என்று ஓர் அதிகாரி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அதனால்தான் அது இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் நூலகத்தில் ஒரு பெயரைப் படித்தேன். அன்னா மணி. வைரம் ஒளி உமிழ்வதைப் பற்றி நம் நாட்டில் யார் முதலில் வேலை செய்தார்கள் என்று தேடியபோது கிடைத்த பெயர்.

1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-இல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்தார். 1940-இல் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நம் திருச்சியில் பிறந்த அதே ராமன்தான். அவர் திரட்டி வைத்திருந்த வைரங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை எடுத்து, அவை உமிழும் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தார் அன்னா மணி. சில கற்களின் ஒளி அவ்வளவு மங்கல். ஒரு பதிவுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். இரவெல்லாம் கூடத்திலேயே இருப்பாராம். 1942-க்கும் 1945-க்கும் இடையே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி என்று ஏறக்குறைய நூறு கருவிகளை இந்தியாவிலேயே செய்வதற்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். அதாவது, ஒர்க்ஷாப்பும் டிராயிங்கும்! நம் பாடம்தான். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்று, 2001-இல் காலமானார். அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் இருக்கிறது. பட்டம் கிடைக்கவில்லை என்பதற்காக அதில் பதிந்த ஒளி பொய்யாகிவிடவில்லை.

அவர் எங்கே, நான் எங்கே! ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு வீட்டுக்குப் போகும்போது மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது செயலாளர் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். டிப்ளமோவுக்கு மதிப்பு உண்டா?

உண்மையைச் சொல்ல வேண்டும். சம்பளப் பட்டியலும் பதவி உயர்வும் தாளைப் பார்த்துத்தான் நடக்கின்றன. ஆகவே வசதியும் மார்க்கும் உள்ளவர்கள் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் பகுதி நேரத்தில் படியுங்கள். "படிப்பெல்லாம் எதுக்கு, கைவேலை போதும்" என்று நான் சொல்ல மாட்டேன். என் மகளிடமும் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் இன்னொன்றும் உண்மை. அந்தப் பொட்டலத்தைக் காப்பாற்றியது எந்தப் பெரிய சூத்திரமும் அல்ல. பொடியைத் தாளில் கொட்டி நிறம் பார்த்தது, மெல்லிசாகப் பரப்பியது, மீட்டரை நம்பாமல் பக்கத்தில் இன்னொன்று வைத்து அளந்தது, முன்னும் பின்னும் எடை போட்டது, நூறு நூறாகப் பிரித்தது. இவை எல்லாவற்றையும் மூன்று வருடத்தில் நம் ஒர்க்ஷாப்பிலும் லேபிலும் இலவசமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "ரெக்கார்டு நோட்டு எழுதினா போதும், வைவாவுல கேக்க மாட்டாங்க" என்று நாம்தான் பாதியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இன்டர்வியூவில் இங்கிலீஷ் தடுமாறும்போது நம்மில் பலர் கூனிக் குறுகிப் போய்விடுகிறோம். "எனக்குள்ள ஒண்ணுமில்ல போல" என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படிப்பட்ட பல பையன்களைப் பார்த்திருக்கிறேன், பயிற்சிக்கு எங்கள் கூடத்துக்கு வருவார்கள். ஒரு வாரம் உலைப் பக்கம் விட்டால், யார் யாருக்கு என்ன தெரியும் என்பது தானாகத் தெரிந்துவிடும். இங்கிலீஷைத் தேய்த்துச் சரிசெய்ய ஆறு மாதம் போதும். அதைக் கட்டாயம் செய்யுங்கள், கதவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்க வேண்டியதை இப்போதே, இந்த மூன்று வருடத்திலேயே செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிற்பாடு எந்த ஆசிட்டும் ஏற்றிக் கொடுக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு உலை சம்பந்தமாக ஏதாவது செய்ய விரும்பும் மாணவர்கள் துறைத் தலைவர் மூலமாக எனக்கு எழுதுங்கள். தெர்மோகப்பிள் அளவீடு சரிபார்ப்பது எப்படி என்று நேரில் வந்து செய்து காட்டுகிறேன். சனிக்கிழமை என்றால் வசதி.